டெவ்யே முணுமுணுக்க வேண்டிய இடம்

அக்கா மகள் நியூ ஜெர்சியில் பதினொன்றாவது படிக்கிறாள். இந்த வருடம் அவர்கள் பள்ளியில் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' போட்டார்கள். அவளுக்கு மூன்றாவது மகள் ஹாவா வேடம். பாசத்தைக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: 1964-ல் பிராட்வேயில் வந்த இசை நாடகம். 1905 வாக்கில் ரஷ்யாவில் ஒரு யூத கிராமம். பால்காரர் டெவ்யேவின் மூத்த மகள் ஏழைத் தையல்காரனைத் தேர்ந்தெடுக்கிறாள். அடுத்தவள் ஒரு புரட்சிக்காரனை. இரண்டு முறையும் 'இந்தப் பக்கம் பார்த்தால், அந்தப் பக்கம் பார்த்தால்' என்று தனக்குத்தானே வாதாடி மனுஷன் இறங்கி வந்துவிடுகிறார். மூன்றாமவள் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்ளும்போது மட்டும் அந்தப் பக்கமே இல்லை. அவள் செத்துவிட்டதாக வைத்துக்கொள்கிறார்.

கல்யாணத் தரகு அம்மா வந்த காட்சிகளில் பக்கத்தில் அத்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்காக்களோடு பாடும் பாட்டில் எங்கள் பெண்ணுக்குச் சுருதி கொஞ்சம் இறங்கியது. ஆனால் அப்பாவிடம் கெஞ்சும் இடத்தில் அழவில்லை, கையை நீட்டவில்லை, சும்மா நின்றாள். அதுதான் சரி. அத்தான் அப்போது சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

சறுக்கியது கடைசியில். ஊரையே காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். விடைபெற வருகிறாள் ஹாவா. டெவ்யே அவள் முகத்தைப் பார்க்காமல், மூட்டை கட்டிக்கொண்டே, ஒரு வாழ்த்தை முணுமுணுக்க வேண்டும். மூத்தவள்தான் அதை அவளிடம் சேர்ப்பாள். இங்கே அந்தப் பையன் ஹாவா பக்கமே திரும்பி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். கைதட்டல் கிடைத்தது, நாடகம் போய்விட்டது.

ஷோலம் அலெய்க்கமின் மூல யித்திஷ் கதைகளில் ஹாவா கணவனை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பி வருகிறாள். அங்கே இறங்குவது மகள். பிராட்வேக்காரர்கள் அவளைக் கணவனோடேயே விட்டுவிட்டு, அப்பாவை அரை அடி மட்டும் நகர்த்தினார்கள். அரை அடிதான், முழு அடி இல்லை. அதைத்தான் உரக்கச் சொல்லிக் கெடுத்துவிட்டார்கள்.

எப்படி நடித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அத்தானின் தங்கை சாதி மாறிக் கல்யாணம் செய்து பதினைந்து வருடம் ஆகிறது. இன்றுவரை பேச்சில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா ஊருக்குப் போன் போடும்போது மட்டும், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவளையும் கேட்டதாச் சொல்லு" என்பார்.

திரும்பி வரும்போது காரில் அவராகவே சொன்னார்: "அந்தப் பையன் அவ்வளவு சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாது."