எருக்கு

சென்னைக் கடற்கரையில் ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து உடைந்த பாலத்துக்குப் போகும் மணல்வெளியில் யாரும் நட்டு, நீர் விட்டு வளர்க்காத செடி எருக்கு. உப்புக்காற்றும் சித்திரை வெயிலும் அதை ஒன்றும் செய்வதில்லை. சாம்பல் பூத்த தடித்த இலை; ஊதாவும் வெள்ளையும் கலந்த, நடுவில் கிரீடம் வைத்த பூ. இத்தனை நேர்த்தியான பூ இந்தக் கரையில் வேறில்லை என்பேன்.

அந்தப் பூவில் மகரந்தம் பொடியாக உதிராது. மெழுகு போன்ற சிறு பைகளாக, இரண்டிரண்டாகக் கட்டியிருக்கும். காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய கருவண்டு தேனுக்காக வந்து அமரும்போது, அதன் காலில் அந்தப் பைகள் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். வண்டு அடுத்த பூவுக்குப் போனால்தான் காய் பிடிக்கும்.

இலையைக் கிள்ளினால் வடியும் பால், இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆடுகூடப் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோ தேடி வந்து இதில் முட்டையிடும். அதன் புழு இலையைத் தின்று, நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பிறகு வரும் பட்டாம்பூச்சியைக் கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதைத் தொடாது. நஞ்சே இல்லாத வேறோர் இனத்தின் பெண் பூச்சி, வெந்தய வரியனின் ஆரஞ்சு நிறத்தைப் போர்த்திக்கொண்டு தப்பிக்கிறது!

பிள்ளையார் சதுர்த்திக்கு மயிலாப்பூரில் எருக்கமாலை வாங்குகிறோம். அந்த மதிப்பைக் கரையிலும் காட்டுவோம். கடற்கரையைத் துப்புரவு செய்ய வருபவர்கள் பிளாஸ்டிக்கை அள்ளட்டும். எருக்கை வெட்டாமல் விடட்டும்.