வழிகாட்டியின் தீர்ப்பு

முதுகலை ஒப்பிலக்கிய வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கதையைச் சொல்லிவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பேன்: மார்கோ தன் கணவனைத் திட்டமிட்டுக் கொன்றாளா? பாதிக்கு மேல் கைகள் உயரும். உயர்த்துகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. இருபது வயதில் அந்தக் கதையை வாசித்தபோது நானும் கொன்றாள் என்றே நினைத்தேன், அவளை வெறுத்தேன். அந்த வெறுப்பு என் சொந்தக் கருத்து என்றும் நம்பினேன்.

எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘பிரான்சிஸ் மக்கோம்பரின் குறுகிய இன்ப வாழ்வு’ 1936 செப்டம்பரில் அமெரிக்காவின் காஸ்மோபாலிட்டன் இதழில் வெளிவந்தது. பணக்காரக் கணவன், அழகான மனைவி. திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள். பிரியப்போகிறார்கள் என்று பலமுறை பேசப்பட்டு, பிரியாமலே இருப்பவர்கள். அவளை விட மனமில்லாத அளவுக்கு அவள் அழகி, அவனை விட்டுப் போக முடியாத அளவுக்கு அவனிடம் பணம். நைந்துபோன இந்தத் தாம்பத்தியத்துக்கு உப்புக்காரம் சேர்க்கக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு சஃபாரி வருகிறார்கள். கூட்டிப்போகிறவன் வில்சன் என்ற ஆங்கிலேயன். கூலிக்கு வேட்டைக்கு அழைத்துச் செல்லும் ‘ஒயிட் ஹண்டர்’. அடிபட்ட சிங்கம் புதரிலிருந்து பாய்ந்ததும் மக்கோம்பர் தலைதெறிக்க ஓடுகிறான். மார்கோ அதைக் காரிலிருந்து பார்த்துவிடுகிறாள். அன்றிரவு வில்சனின் கூடாரத்துக்குப் போய்வருகிறாள். மறுநாள் எருமை வேட்டையில் கணவனுக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்துவிடுகிறது. காயம்பட்ட எருமை அவன்மேல் பாயும்போது காரிலிருந்து மார்கோ சுடுகிறாள். குண்டு கணவனின் பின்தலையில் பாய்கிறது.

கொலை என்று முதலில் சொல்வது யார்? கதைசொல்லி அல்ல, வில்சன். கதைசொல்லியின் வாக்கியமோ வேறு மாதிரி இருக்கிறது. கணவனை எருமை முட்டிவிடும் என்று தோன்றிய கணத்தில் அவள் எருமையைக் குறிவைத்துச் சுட்டாள் என்றுதான் அது சொல்கிறது. அத்தனை வெளிப்படையான வாக்கியத்தைத் தாண்டிக்கொண்டு நாம் வில்சனின் வாயைப் பார்க்கிறோம். சுற்றுலாவில் வழிகாட்டி கை நீட்டிய பக்கம் எல்லாத் தலைகளும் திரும்புமே, அப்படி. கதை நெடுக அமெரிக்கப் பெண்களைப் பற்றி அவன் மனத்துக்குள் வசைபாடிக்கொண்டே இருக்கிறான். நாமும் அவன் தோளோரம் நின்று கேட்டுக்கொண்டே வருகிறோம். முடிவு வரும்போது தீர்ப்பு நமக்குள் தயாராக இருக்கிறது.

கதை வில்சனின் மனத்துக்குள் போகிறது, மக்கோம்பரின் மனத்துக்குள் போகிறது, அடிபட்டுப் புல்லில் பதுங்கியிருக்கும் சிங்கத்தின் மனத்துக்குள்கூடப் போகிறது. மார்கோவின் மனத்தில் மட்டும் அது தங்குவதில்லை. நீனா பேம் என்ற அமெரிக்கப் பெண்ணிய விமர்சகர் 1990இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, உண்மையில் நான் சிங்கத்துக்காகத்தான் வருந்தினேன் என்ற பொருளில் அமைந்தது. வில்சனின் குரலை ஆசிரியரின் குரலாக எடுத்துக்கொண்ட வாசிப்பை அவர் மறுத்து, சிங்கத்தையும் மார்கோவையும் ஒரே பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். அவருக்கு முன்பே, 1955இல் வாரன் பெக் மார்கோவுக்காக வாதாடியிருந்தார். கணவன் சாகவேண்டும் என்று அவள் விரும்பியிருந்தால் சுடவே வேண்டியதில்லையே, சும்மா இருந்திருந்தால் எருமை பார்த்துக்கொண்டிருக்குமே என்பது மார்கோ தரப்பின் வலுவான வாதம். வழக்கறிஞர் இல்லாமலே எந்த நீதிமன்றத்திலும் எடுபடக்கூடியது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, “மேடம், அந்தத் துப்பாக்கி காருக்குள்ள எப்படி வந்துச்சு?” என்று கேட்டாள். நான் அதைக் கவனித்ததில்லை. கதையைத் திரும்பப் புரட்டினேன். மான்லிக்கர் துப்பாக்கி காரிலேயே மெம்சாகிபிடம் இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்தவன் வில்சன். காரில் ஏறி எருமைகளைத் துரத்தியதும் சட்டவிரோதம். நைரோபியில் தெரிந்தால் அவன் உரிமம் போய்விடும். மார்கோ அதைச் சொல்லிக் காட்டுகிறாள். இனி இவள் கையில் உன் குடுமி என்று மக்கோம்பரும் சிரிக்கிறான். சில நிமிடங்களில் அந்தக் குடுமி கை மாறிவிடுகிறது. விபத்துக்குச் சாட்சி வேண்டுமென்று ஆளனுப்புகிறான் வில்சன். புகைப்படம் எடுக்கவேண்டும் என்கிறான், உங்களுக்கு ஒன்றும் வராது என்கிறான். அதே மூச்சில், கணவன் எப்படியும் உன்னை விட்டுப் போயிருப்பான் என்கிறான், ஏன் நஞ்சு வைத்திருக்கக்கூடாது என்று கேட்கிறான். ஊருக்கு ஒரு தீர்ப்பு, அவளுக்கு ஒரு தீர்ப்பு. தயவுசெய்து என்ற சொல் அவள் வாயிலிருந்து வரும்வரை அவன் நிறுத்துவதில்லை. வந்ததும் நிறுத்திக்கொள்கிறான். உரிமத்தைப் பற்றி அவள் இனி எங்கே வாய்திறக்கப்போகிறாள்?

மார்கோ நல்லவள் என்று சான்றிதழ் எழுதித்தர எனக்கு விருப்பமில்லை. அவள் கொடுமையான பெண். சிங்கத்துக்குப் பயந்த கணவனை அதே காரில் வைத்துக்கொண்டு அடுத்தவனை முத்தமிடுகிறவள். கோழை ஆணைப் பொறுக்காத பெண் நமக்கொன்றும் புதியவள் அல்ல. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் தாய், மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டதும் பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களம் போகிறாள். அவளை வீரத்தாய் என்று பாடநூலில் வைத்திருக்கிறோம். அவள் பார்வை போருக்கு உதவுகிறது. மார்கோவின் பார்வை யாருக்கும் உதவுவதில்லை, பார்த்ததைப் பார்த்ததாகவே வைத்திருக்கிறது. இந்தப் பயணத்தில் அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஒரே வேலை காரில் உட்கார்ந்து கணவனின் வீரத்தைப் பார்ப்பது. வேலையை ஒழுங்காகச் செய்ததுதான் வினையாகிவிட்டது.

ஹெமிங்வே தம் இரண்டாம் மனைவி பாலீன் ஃபைஃபரோடு 1933-34இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு சஃபாரி போனார். வழிகாட்டி பிலிப் பெர்சிவல். செலவுக்குப் பணம் தந்தவர் பாலீனின் சித்தப்பா கஸ் ஃபைஃபர். கதையில் பணம் கணவனுடையது, வாழ்க்கையில் மனைவி வீட்டுப் பணம். இந்த இடமாற்றம் என்னை உறுத்துகிறது. அந்தப் பயணத்தை அவர் எழுதிய ‘ஆப்பிரிக்காவின் பசுங்குன்றுகள்’ (1935) நூலில் பாலீனுக்குப் பெயர்கூட இல்லை, ‘பாவம் அம்மா’ என்பதுபோல ஒரு செல்லப்பெயரின் முதலெழுத்துகள்தான். அதில் ஒரு சிங்க வேட்டை வருகிறது. முதலில் சுட்டவர் பாலீன். உள்ளூர் உதவியாளர்கள் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆனால் கொன்றது அவர் குண்டா, கணவர் குண்டா என்றால், நூல் கணவர் பக்கம் சாய்கிறது. 1953இல் நான்காம் மனைவி மேரியோடு மறுபடி சஃபாரி, மறுபடி பெர்சிவல், மறுபடி சிங்கம். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதி முடிக்காமல் விட்டதை மகன் பாட்ரிக் 1999இல் வெளியிட்டார். அதிலும், விழுந்தது தன் சிங்கம்தானா என்ற ஐயம் மேரியை அரித்துக்கொண்டே இருக்கிறது. சிங்கம் விழுந்தால் அவளுக்குக் குறிபார்க்கத் தெரியாது, கணவன் விழுந்தால் அவள் குறி தப்பவே தப்பாது!

இத்தனை ஆண்டுகள் இந்தக் கதையை வைத்துப் பேசியும் நான் கடந்துபோன இன்னொன்று உண்டு. தொடக்கத்திலேயே ஒரு வேலைக்காரப் பையன் மக்கோம்பரை ஒரு மாதிரி பார்க்கிறான். வில்சன் சுவாஹிலியில் அதட்டுகிறான். கசையடி கொடுப்பேன் என்றானாம். அது சட்டவிரோதம், அபராதம்தான் போடவேண்டும், ஆனால் அவர்கள் அடியைத்தான் விரும்புகிறார்கள் என்று விளக்கம் வேறு. அந்தப் பையனுக்குப் பெயரில்லை. கணவன் ஓடியதைப் பார்த்தவள் மார்கோ மட்டுமல்ல, துப்பாக்கி தூக்கிகளும் பார்த்தார்கள். எருமை பாய்ந்தபோதும் அருகில் இருந்தார்கள். விசாரணையில் அவர்களுடைய சாட்சியம் இருக்கும் என்று வில்சன் சொல்கிறான். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று அவனும் கேட்கவில்லை, ஹெமிங்வேயும் கேட்கவில்லை. மார்கோவுக்காக வாதாடுகிற மும்முரத்தில் நானும் கேட்கவில்லை.

புதருக்குள் முன்னால் தடம் பார்த்துப் போன முதியவரின் பெயர் கோங்கோனி. அடுத்த ஆண்டு வகுப்பில் கேள்வியை அவரிடமிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன்.