டைரியும் டெய்ரியும்

ஆங்கிலத்தில் 'டேஞ்சர்' என்று எழுதுங்கள். மொத்தம் ஆறு எழுத்து. அந்த ஆறையும் சோழி மாதிரிக் குலுக்கிப் போட்டால் 'கார்டன்' கிடைக்கும். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. அபாயம் பூந்தோட்டம் ஆகிவிட்டது!

குழந்தைகளுக்கான 'வேர்டு பவர்' புத்தகங்களில் இப்படிப்பட்ட சொற்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். 'லிசன்' கலைந்தால் 'சைலண்ட்' என்பது அதில் நிரந்தர உறுப்பினர். 'அட' என்று சொல்லிவிட்டு நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அதை வேடிக்கைப் பக்கமாக வைப்பதில்தான் எனக்குச் சண்டை. அச்சுத் தொழிலில் இருப்பவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிப் பாருங்கள், சிரிக்க மாட்டார்.

சிவகாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டுமே என்று வளர்ந்த அச்சகங்கள், பிறகு காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று நாடு முழுக்க அனுப்ப ஆரம்பித்தன. 'டைரி'யின் நடுவே இரண்டு எழுத்து இடம் மாறினால் அது 'டெய்ரி', அதாவது பால் பண்ணை. கல்யாணப் பத்திரிகையில் 'யுனைடெட்' என்ற சொல்லில் இரண்டு எழுத்து இடம் மாறினால் 'அன்டைடு'. இணைந்தவர்கள் அவிழ்ந்துவிட்டார்கள்! 'கேஷுவல் லீவ்' என்பது 'காஸல் லீவ்' ஆகிவிடும். காரணம் சொல்லத் தேவையில்லாத லீவு, காரணத்தைப் பற்றிய லீவாகிவிடும். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுமே என்பீர்கள். காட்டாது. இரண்டுமே அகராதியில் இருக்கிற சொல்தானே, அதற்கு ஏது கோபம்?

2003-ல் ஒரு மின்னஞ்சல் உலகத்தைச் சுற்றி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவில் எப்படிக் கலைத்துப் போட்டாலும் படித்துவிடலாம், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றது. கேம்பிரிட்ஜில் இருந்த மாட் டேவிஸ் என்ற ஆய்வாளரே, அப்படி ஓர் ஆராய்ச்சி இங்கே நடக்கவில்லை என்று விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். 'சேக்ரட்' என்றால் புனிதமான. 'ஸ்கேர்டு' என்றால் பயந்துபோன. முதலும் கடைசியும் ஒன்றுதான், நடுவில்தான் கலைந்திருக்கிறது. கலைத்தாலும் ஒன்றுதான் என்று அந்த மின்னஞ்சலை எழுதியவர் எந்தப் பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பலகைக்காவது வந்து சொல்லட்டும்.

நான் படித்தது பி.காம். கணக்கில் இந்தச் சங்கடத்துக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. 54 என்று எழுத வேண்டிய இடத்தில் 45 எழுதினால் வித்தியாசம் 9. 730-ஐ 370 என்று போட்டால் 360, அதுவும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். எந்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் அப்படித்தான். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையா, வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார் என்பார்கள். (அந்த 'டிரயல்'லேயே இரண்டு எழுத்து மாறினால் 'டிரெய்ல்', ஒற்றையடிப் பாதை!) எழுத்துக்கு அப்படி ஓர் ஒன்பது கிடையாது. அந்த இடத்தில் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் பொருந்துகிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.

நம் பாலர் வகுப்பு ஆங்கிலப் புத்தகங்கள் இதைத்தான் சொல்லித்தருவதில்லை.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ஒரு வீட்டில் யு.கே.ஜி. படிக்கும் சிறுமி எனக்குப் பாடம் ஒப்பித்தாள். "பிக், கிக், சிக், டிக், விக்." எல்லாமே நாலு எழுத்து, முதல் எழுத்து மட்டும் மாறும். நல்ல ராகம், ஒரு தடுமாற்றம் இல்லை. "விக்னா என்ன பாப்பா?" என்றேன். "டபிள்யூ, ஐ, சி, கே" என்றாள். நான் கேட்டது அர்த்தம், வந்தது ஸ்பெல்லிங். அவள் அம்மா பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். "எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி, அவுக மிஸ்ஸுல்ல சொல்லணும்" என்றார்.

விக் என்றால் திரி. விளக்குத் திரி. (வெடித் திரிக்கு 'ஃபியூஸ்' என்று வேறு சொல்.) நாள் முழுக்கத் திரியோடு பிழைப்பு நடத்தும் வீட்டுக்குள் அந்தச் சொல் வந்து, யார் என்று தெரியாத விருந்தாளி போல நின்றுகொண்டிருந்தது.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு ஒரே ஒரு படம், பந்தை உதைக்கும் பையன். இன்னொரு பக்கத்தில் 'கேட், ரேட், மேட்' வரிசையின் கடைசியில் 'வேட்'. பெரிய தொட்டி என்று பொருள். நீங்கள் கடைசியாக அந்தச் சொல்லை எப்போது பேசினீர்கள்? மூன்று எழுத்து, முடிவு பொருந்துகிறது என்ற ஒரே தகுதியில் அதற்கு ஸீட் கிடைத்திருக்கிறது.

2012-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பது பேருக்கு மேல் செத்துப்போன வட்டாரம் இது. அந்த விபத்துக்கும் ஸ்பெல்லிங்குக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இங்கிருந்து போகிற பெட்டிகளில் எச்சரிக்கை ஆங்கிலத்தில் அச்சாகிறது. அந்தச் சிறுமி நாளைக்கு 'டேஞ்சர்' என்பதையும் ஆறு எழுத்தாக மட்டும் ஒப்பித்துவிட்டுப் போனால், கட்டிய ஃபீஸுக்கு என்ன பலன்?

முறையைக் குறை சொல்லவில்லை. ஒரு முடிவைக் கற்றுக்கொண்டு முதல் எழுத்தை மாற்றிக்கொண்டே போனால் அரை டஜன் சொற்கள் சுலபமாக வாசிக்க வரும். அது நல்ல உத்திதான். அமெரிக்காவிலும் இதே தலைவலி இருந்தது. பள்ளி வாசிப்புப் புத்தகங்கள் குழந்தைகளைத் தூங்க வைக்கின்றன என்று 1954-ல் 'லைஃப்' பத்திரிகையில் ஜான் ஹெர்ஸி எழுதினார். அதன் தொடர்ச்சியாக டாக்டர் ஸூஸிடம் ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து, இதை வைத்துக் கதை எழுது என்றார்கள். 1957-ல் 'தி கேட் இன் தி ஹேட்' வந்தது. வெறும் 236 வெவ்வேறு சொற்கள். நம் பாப்பா ஒப்பிக்கிற அதே ஜாதிப் பட்டியல்தான். ஆனால் அங்கே பூனை தொப்பி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்து அட்டகாசம் செய்கிறது. தொப்பி என்றால் என்ன என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை.

தமிழில் இந்தப் பட்டியல் போடுகிற வேலை புதிதே அல்ல. வீரமாமுனிவர் 1732-ல் தொகுத்த சதுரகராதியின் நாலாவது பகுதி தொடை அகராதி. எதுகையாக வரும் சொற்களை வரிசைப்படுத்திக் கொடுத்திருக்கிறார். படம், குடம், வடம், தடம் என்று அடுக்கினால் நம் பிள்ளைக்கு அதில் ஒன்றாவது கண்ணில் பட்ட பொருளாக இருக்கும். செய்யுள் எழுதுகிறவனுக்கும் சொல் ஏற்கெனவே தெரியும், நேரத்துக்கு நினைவுக்கு வருவதற்குத்தான் அந்தப் பட்டியல். ஆங்கிலப் பட்டியலில் நாம் இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டோம். சொல்லின் எழுத்து முதலில், பொருள் பிறகு. அந்தப் 'பிறகு' பல வீடுகளில் வருவதே இல்லை.

'விக்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் அகல் விளக்குப் படம் போட்டால் எத்தனை சொட்டு மை கூடுதலாகச் செலவாகும்? நாலு கலரில் சாமி படக் காலண்டரை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளுகிற ஊர் பக்கத்திலேயே இருக்கிறது.