கூரையில் விழுந்த ஓசை

1921 ஜூன் 1 காலை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகரம், கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதி. வழக்கறிஞர் பி.சி. ஃபிராங்க்ளின் தம் அலுவலகத்தில் இருக்கிறார். வானில் விமானங்கள் வட்டமிடுகின்றன. கூரைமேல் ஆலங்கட்டி விழுவதுபோல் ஏதோ சத்தம். வெளியே வந்தால் நடைபாதையெங்கும் டர்பெண்டைன் உருண்டைகள் எரிந்துகொண்டு கிடக்கின்றன. கட்டடங்களோ உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பற்றுகின்றன. அந்த உருண்டைகள் எங்கிருந்து வந்தன என்பது அப்போது அவருக்கு நன்றாகவே தெரிந்துவிடுகிறது.

இதை அவர் தட்டச்சு செய்தது 1931இல், பத்தே பக்கம். அதற்குள் நடந்தது முழுக்க அவருக்குத் தெரியும். வெள்ளையர் கும்பல் ஒரு நாள்கூட ஆகாமல் ஏறத்தாழ 35 தெருத்தொகுதிகளைக் கொளுத்தியது. அதிகாரப்பூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 36 பேர். 300 வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. இவ்வளவும் தெரிந்தவர், விமானத்திலிருந்து தீ வீசினார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் காது கேட்டது, பிறகு கண் கண்டது, கடைசியில்தான் புத்தி எட்டிய முடிவு. வழக்காடும் மனிதர் அல்லவா, சாட்சியத்தை அடுக்கும் வரிசை கைவந்திருக்கிறது. அதைவிட மேலாக, இன்னும் ஒன்றும் புரியாத அந்தக் கணத்தை அவர் அழிக்காமல் விட்டிருக்கிறார். எனக்கு அந்தப் பக்கங்களில் மிகப் பிடித்தது அதுதான். 2015இல் வெளிப்பட்ட அந்தப் பிரதி இப்போது வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மேரி பாரிஷிடமும் இதே நேர்மையைப் பார்க்கலாம். கிரீன்வுட்டில் தட்டச்சு கற்றுக்கொடுத்தவர். மே 31 இரவு, வகுப்பு முடிந்து புத்தகத்தில் மூழ்கியிருக்கிறார். தூங்காத சின்ன மகள் ஜன்னல் வழியே பார்த்து, துப்பாக்கியோடு ஆட்கள் தெரிகிறார்கள் என்கிறாள். யார், எதற்கு, எத்தனை பேர் என்பதெல்லாம் குழந்தைக்குத் தெரியாது. தாயும் அதைத் திருத்தி எழுதவில்லை. கலவரம் அவர் பின்னர் எழுதிய நூலுக்குள் குழந்தையின் கண் வழியாகவே நுழைகிறது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குண்டுகளுக்கு நடுவே ஓடித் தப்பியவர், பின்னர் மற்றவர்களிடமும் போய் அவரவர் பட்டதை அவரவர் வாயால் கேட்டுத் தொகுத்தார். யார் என்ன இழந்தார் என்ற பட்டியலையும் சேர்த்தார். தெருமுகவரியும் டாலர் கணக்கும் கொண்ட அந்தப் பட்டியலைப் பின்னிணைப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. எரிந்துபோன தெருவொன்றை அதை வைத்தே வீடு வீடாக நடந்து பார்க்கலாம்.

மிகச் சில பிரதிகளே அச்சான அந்த நூல் 2021இல் பரவலாக மறுபதிப்புக் கண்டது. அதற்கு உழைத்தவர் அவருடைய கொள்ளுப்பேத்தி. எதிர்த்திசையிலும் கைகள் வேலை செய்திருக்கின்றன. மே 31 தேதியிட்ட டல்சா டிரிப்யூன் நாளிதழை மைக்ரோஃபிலிம் எடுப்பதற்கு முன்பே, கும்பலைத் தூண்டியதாகச் சொல்லப்படும் முதல் பக்கச் செய்தியையும் தலையங்கப் பக்கத்தின் பெரும்பகுதியையும் யாரோ கிழித்து எடுத்துவிட்டார்கள். ஏடு கிழிந்த இடத்தில் ஆள்தான் பேச வேண்டும். எடி ஃபே கேட்ஸ் என்ற வரலாற்று ஆசிரியை, தப்பிப் பிழைத்தவர்களைத் தேடிப்போய்ப் பதிவுசெய்தது அதனால்தான் இவ்வளவு பெரிய காரியம். அந்த முதியவர்கள் அன்று குழந்தைகள். அவர்கள் நினைவும் குழந்தையின் உயரத்திலிருந்தே பார்க்கிறது.

2021 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன், தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவரான வயோலா ஃபிளெட்சர் அமர்ந்தார். வயது 107, அந்த இரவில் 7. புகை இன்னும் மணக்கிறது, அலறல் இன்னும் கேட்கிறது என்றார். கூடவே, தலைக்குமேல் விமானங்கள் பறக்கும் ஓசையையும் சொன்னார்.