நேபாள முற்றத்து நாயோடு பழகுவது எப்படி?

நேபாளத்துக்குப் போகிறவர்கள் ஹோட்டலை விட்டுவிட்டுக் கிராமத்து வீடுகளில் தங்குவது இன்று சகஜம். சியாங்ஜா மாவட்டத்துச் சிருபாரியில் 1997-ல் தொடங்கிய ஹோம்ஸ்டே, பிறகு லம்ஜுங்கின் காலேகாவுன் போன்ற மலையூர்களுக்கும் பரவியது. இந்தியர்களுக்கு விசாவும் தேவையில்லை. அப்படி ஒரு வீட்டுக்கு நீங்கள் போய்ச் சேரும்போது, 'ஆமா'வும் 'புவா'வும், அதாவது அந்த வீட்டு அம்மாவும் அப்பாவும், வெளியே வருவதற்குள் நாய் குரைத்துவிடும்.

பெரும்பாலும் அது சாதி நாயாக இருக்காது. கறுப்பாக இருந்தால் காலே, பழுப்பாக இருந்தால் கைரே என்று நிறத்தை வைத்தே பெயர். கழுத்தில் பட்டை இருக்காது. பகலில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும், சாப்பாட்டு நேரத்துக்கு இங்கே வரும். வீடு, தெரு, ஊர் மூன்றுக்கும் பொதுவான பிராணி. அதைச் செல்லப்பிராணியாக்கிக்கொள்ள நினைத்தால் அதன் பாதிக் குணம் நம் கண்ணில் படாது. அதன் வாழ்க்கையில் நமக்கு ஓரமாக ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தால்தான் அதை முழுதாக ரசிக்க முடியும்.

முதலில் அதன் வேலையைப் பாருங்கள்

போன உடனே தொடப் போகாதீர்கள். இரண்டொரு நாள் சும்மா கவனியுங்கள். மலைக் கிராமத்தில் காலை பத்து மணி வாக்கில் முதல் சோறு, இருட்டிய பிறகு இரண்டாவது சோறு. இரண்டுமே பருப்பும் சாதமும்தான். குக்கர் விசில் அடங்கியதும் காலே எங்கிருந்தோ வந்து வாசற்படிக்கு வெளியே உட்காரும். உள்ளே கால் வைக்காது. முன்னங்கால்கள் இரண்டும் படியின் விளிம்பை ஒட்டி இருக்கும், ஒரு விரல்கூடத் தாண்டாது. பல வீடுகளில் அடுப்படிக்கு ஆசாரம் உண்டு, வெளியாட்களே கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். அந்த எல்லை எங்கே என்று உங்களுக்கு முதலில் காட்டிக்கொடுப்பது இந்த நாய்தான்.

இரவில் குரைக்கிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். நடுமலைப் பகுதிகளில் சிறுத்தை ஊரை ஒட்டி வரும். ஆட்டோடு நாயையும் தூக்கிக்கொண்டு போகும். காலே உயிரைப் பணயம் வைத்துத்தான் காவல் காக்கிறது. காது கொடுத்துக் கேட்டால் குரைப்புகளுக்குள் வித்தியாசம் தெரியும். தெரிந்தவர் வந்தால் ஒரு குரல் கொடுத்து அடங்கிவிடும். புதியவர் என்றால் விடாமல் குரைக்கும். எதிர்மேட்டு நாய்க்குப் பதில் சொல்வது நீளமாக, இடைவெளி விட்டு வரும். நீங்கள் வாசலுக்கு வரும்போது அந்த ஒற்றைக் குரல் மட்டும் கேட்டால், உங்களை வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

கிட்டப் போகாதீர்கள், வரவிடுங்கள்

தெற்காசியத் தெரு நாய்களுக்குக் கல்லடி பழக்கம். மனிதன் சட்டென்று குனிந்தால் கல்லெடுக்கிறான் என்றுதான் அது நினைக்கும். ஆகவே நின்றபடி அதன்மேல் குனியாதீர்கள். திண்ணையில் பக்கவாட்டில் உட்காருங்கள், கண்ணுக்குக் கண் முறைக்க வேண்டாம், கையை மடியிலேயே வைத்திருங்கள். அதுவாக வந்து மோந்து பார்க்கும், பார்க்காமலும் போகும். இரண்டும் அதன் உரிமை.

தொட அனுமதி கிடைத்தால் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் தாடைக்குக் கீழே, மார்பில், தோளில் தடவிக் கொடுங்கள். சில நொடியில் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே நெருங்கி வந்து சாயும். உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் 'போதும்' என்பதற்கு அடையாளம். வால் ஆடுகிறதே என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. விறைத்து நிமிர்ந்து படபடக்கும் வாலில் நட்பு இருக்காது. உடம்பு முழுக்கத் தளர்ந்து இடுப்போடு சேர்ந்து ஆடும் வாலே நட்பு.

முஸ்தாங், மனாங் பக்கம் வளரும் பெரிய போட்டே நாய்களிடம் இந்தப் பாடம் எடுபடாது. பகலில் கட்டி இரவில் அவிழ்த்து விடும் காவல் நாய்கள் அவை. ஆட்டு மந்தையோடு நிற்கும் நாயும் அப்படித்தான். தூரத்திலிருந்து பார்த்து வியந்துவிட்டு வழியை மாற்றிக்கொள்ளுங்கள்.

சோறு போடுவது வீட்டம்மாவின் உரிமை

பந்தியிலிருந்து எடுத்து வீசாதீர்கள். எச்சில் பார்ப்பதில் நேபாள வீடுகள் நம் பாட்டி வீடுகளுக்குக் குறைந்தவை அல்ல. ஆமாவிடம் கேளுங்கள். மீந்த சோற்றை எங்கே, எப்போது, எந்தத் தட்டில் போடுவது என்று அவர் காட்டுவார். ஒருநாள் அந்தத் தட்டை உங்கள் கையிலேயே கொடுப்பார். மோமோவில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் நாய்க்கு ஆகாது. வெந்த கோழி எலும்பு குத்தும் சில்லாக உடையும். சாக்லேட் விஷம்.

திஹார் நாளில் அங்கே இருங்கள்

முடிந்தால் பயணத்தை நம் தீபாவளியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயத்தில்தான் நேபாளத்தில் ஐந்து நாள் திஹார். முதல் நாள் காகத்துக்கு, இரண்டாம் நாள் நாய்க்கு. அந்த நாளுக்குக் குகுர் திஹார் என்று பெயர். நாய் எமனின் தூதன், பைரவரின் வாகனம் என்பது அங்குள்ள நம்பிக்கை. சிவன் கோயிலில் பைரவரோடு நாயைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. காத்மாண்டுவில் போலீஸ் நாய்களுக்கும் அன்று மாலையும் மரியாதையும் உண்டு.

வீட்டு முற்றத்தில் நடப்பதை அருகில் நின்று பாருங்கள். செண்டுமல்லி மாலையைப் போட்டதும் காலே கழுத்தைச் சிலுப்பும், ஓர் இதழைக் கடித்துப் பார்க்கும். நெற்றியில் சிவப்பு டீக்கா வைக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ளும். பிறகு முட்டையோ கறியோ, சேல் ரொட்டி என்ற பலகாரமோ முன்னால் வந்தவுடன் மாலை மறந்துபோகும். தெருவில் யாருமில்லாத நாய்களுக்கும் யாராவது ஒருவர் மாலை போட்டிருப்பார். நீங்களும் போடலாம், வீட்டார் போட்டு முடித்த பிறகு.

ஊர் எல்லையோடு நில்லுங்கள்

மலையேறக் கிளம்பினால் நாய் பின்னாலேயே வரும். 2018-ல் டான் வார்கவ்ஸ்கி என்ற அமெரிக்க மலையேறியின் குழுவைப் பின்தொடர்ந்த மேரா என்ற நாய், 7,000 மீட்டரைத் தாண்டிய பருன்ட்சே சிகரம் வரைக்கும் ஏறியது. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரண நாய்க்கு அடுத்த ஊர் அந்நிய நாட்டுக்குச் சமம். அங்குள்ள நாய்கள் கூடிக் கடிக்கும், திரும்ப வழி தெரியாது, குளிரில் சாகும். அதனால் வழியில் பிஸ்கட் கொடுத்து இழுத்துப் போகாதீர்கள். ஊர்க்கோடியில் நின்று திருப்பி அனுப்புங்கள்.

வெறிநாய்க்கடி

நேபாளத்தில் ரேபிஸ் இருக்கிறது. அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி போட வேண்டும். காத்மாண்டு தேகுவில் உள்ள சுக்ரராஜ் மருத்துவமனையில் இதற்கு ஊசி போடுகிறார்கள். கிளம்பும் முன்பே இங்கே தடுப்பூசி போட்டிருந்தால், கடித்த பிறகு தேவைப்படும் ஊசிகள் குறையும். விலை உயர்ந்த, மலையூரில் எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது.

அந்த வீட்டுக்கு நன்றி சொல்ல ஏதாவது செய்ய நினைப்பீர்கள். விலைகூடிய நாய்த்தீனி வாங்கிப் பழக்கிவிட்டு வராதீர்கள், நீங்கள் போன மறுநாள் அது பருப்புச் சோற்றுக்குத்தான் திரும்ப வேண்டும். அதைவிடத் தடுப்பூசி பயன்படும். பிரிட்டிஷ் ஓவியர் ஜான் சால்டர் காத்மாண்டு விலங்குச் சிகிச்சை மையத்தை 2004-ல் தொடங்கியதே தெரு நாய்களுக்குக் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் கிடைக்கத்தான். புவாவிடம் பேசி, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காலேக்கு ஒரு தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்யுங்கள். போவதற்கு முன் உங்களுக்கு ஊசி, திரும்புவதற்கு முன் அதற்கு ஊசி. இந்த இரண்டையும் மட்டும் தவறவிடாதீர்கள்.