எச்சரிக்கை யார் காதில் விழுகிறது?

கூடை விழுந்தவுடன் வலைக்குக் கீழே இறங்கும் பந்தை, கூடை போட்ட அணிக்காரர் ஒருவரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடுகிறார். பந்து உருண்டு போகிறது. எதிரணி வீரர் அதை எடுத்துவந்து கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே எறிவதற்குள், தட்டியவரின் அணி முழுவதும் தன் கூடைக்கு முன்னால் தற்காப்புக்கு நின்றுவிடுகிறது. சித்தூரானாலும் திருப்பதியானாலும், கூடைப்பந்து ஆடும் எந்த ஊரிலும் காணக்கூடிய தந்திரம் இது. ஆட்டத்துக்கு என்ன வயதோ, இந்தத் தாமதத்துக்கும் அதே வயது. கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் விதிகள் 1892 ஜனவரியில் அச்சேறின, மொத்தம் 13. அவற்றில் ஒன்பதாவது இதைப் பற்றியும் பேசுகிறது. பந்தை உள்ளே எறிபவருக்கு ஐந்து நொடி. அதை மீறினால் பந்து எதிரணிக்கு. ஓர் அணி விடாமல் தாமதம் செய்துகொண்டே இருந்தால் ஃபவுல். ஒரே விதிக்குள் இருவேறு முறைகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். எறிபவரின் தாமதத்தை எண்ணிக்கை அளக்கிறது. மற்றவர்களின் தாமதத்தை நடுவரின் மனம் அளக்கிறது. முதல் முறை இன்றுவரை பிசகில்லாமல் நடக்கிறது. தடுமாற்றமெல்லாம் இரண்டாவதில்தான்.

ஐந்து நொடி எண்ணிக்கையில் யாரும் மனம் புண்படுவதில்லை. நடுவரின் கை அசைவது அனைவர் கண்ணுக்கும் தெரிகிறது, நேரம் முடிந்தால் பந்து கை மாறுகிறது, அவ்வளவுதான். தண்டனையும் குற்றத்துக்குப் பொருத்தம்: பிடித்து வைத்திருந்தவர் பிடித்ததையே இழக்கிறார். தற்காப்பு அணியின் தாமதத்துக்கு வழி வேறு. ஃபிபா எனப்படும் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி, கூடையைக் கடந்த பந்தை வேண்டுமென்றே தொட்டுத் தாமதப்படுத்துவதும், உள்ளே எறிவதை உடனே நடக்கவிடாமல் தடுப்பதும் டெக்னிக்கல் ஃபவுல். ஆனால் நடுவர்கள் வழக்கமாக முதலில் எச்சரிக்கிறார்கள். ஒருவருக்குக் கொடுத்த எச்சரிக்கையைப் பயிற்சியாளரிடமும் சொல்ல வேண்டும். ஆட்டம் முடியும்வரை அதே வகைச் செயலுக்கு அது அணி முழுவதையும் கட்டுப்படுத்தும் என்று ஃபிபாவின் விதி விளக்கங்கள் சொல்கின்றன. இதில் நியாயம் உண்டு. வலையிலிருந்து விழும் பந்து ஒரு பையனின் தோளில் தற்செயலாகப் பட்டுத் தெறிக்கலாம். அவனை உடனே தண்டித்தால் விதி தன் மரியாதையை இழக்கும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 40 நிமிட ஆட்டத்தில், கூடை விழுந்ததும் கடிகாரம் நிற்பது நான்காம் கால்பகுதியின் கடைசி 2 நிமிடத்திலும் கூடுதல் நேரத்தின் கடைசி 2 நிமிடத்திலும் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் அது ஓடிக்கொண்டேயிருக்கும். ஆக, பந்தைத் தட்டிவிடுபவர் நொடிகளையும் தின்கிறார், எதிரணியின் ஃபாஸ்ட் பிரேக் எனும் விரைவுத் தாக்குதலையும் கெடுக்கிறார். அந்தக் கணமே நடுவர் விசில் ஊதி எச்சரித்தால் கடிகாரம் நிற்கும், உண்மைதான். ஆனால் ஆட்டமும் நின்றுவிடும். திரும்பி ஓடித் தற்காப்பை அமைக்க நேரம் வேண்டும் என்பதற்காகத்தானே தட்டினார்? அந்த நேரத்தை நடுவரின் விசிலே தந்துவிடுகிறது. முதல் தாமதத்துக்குத் தண்டனை இல்லை என்பதோடு இது முடியவில்லை. அதற்குப் பரிசே கிடைக்கிறது. இரண்டு புள்ளி கிடைத்திருக்கக்கூடிய வேகம் போய், வெறும் வார்த்தை மிஞ்சுகிறது. எறிவது உண்மையில் தடைபடாதபோது ஆட்டத்தை ஓடவிட்டு, அடுத்த முறை பந்து நிற்கையில் எச்சரிப்பதே சரி. அப்படிக் காத்திருக்கும்போது இன்னொரு ஆபத்து வருகிறது: எச்சரிக்கை ஒரு வீரரின் காதோடு முணுமுணுப்பாக முடிந்துவிடுகிறது. பயிற்சியாளருக்குத் தெரியாது, எதிர்முனையில் நிற்கும் சக நடுவருக்கும் தெரியாது. பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் தட்டும்போது அவருக்கும் ஒரு ‘முதல்’ எச்சரிக்கை. அணிக்கு ஒன்று என்ற கணக்கு இப்படித்தான் ஆளுக்கு ஒன்றாகிவிடுகிறது.

டெக்னிக்கல் ஃபவுல் இந்தச் சின்ன விஷயத்துக்கு மிகக் கடுமை, நடுவரே ஆட்டத்தின் நாயகனாகிவிடுவார் என்று ஒரு மறுப்பு உண்டு. பெயர்தான் மிரட்டுகிறது. இன்றைய விதியில் அதற்குத் தண்டனை ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ. பிறகு ஆட்டம் நின்ற இடத்திலிருந்தே தொடரும். கெட்டுப்போன ஃபாஸ்ட் பிரேக்கோடு ஒப்பிட்டால் இது அதிகமில்லை. இரண்டு டெக்னிக்கல் வாங்கியவர் வெளியேற வேண்டும் என்பது கனமான வாதம்தான். ஆனால் அணிக்கு எச்சரிக்கை போன பிறகும் இரண்டு முறை அதையே செய்தவருக்கு அறியாமை என்ற சாக்கு இல்லை. எச்சரிக்கை வெளிப்படையாகக் கொடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே இப்படிச் சொல்ல முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வெளிப்படையாகச் செய்ய முடியும் என்பதற்கு ஃபிபா விதியிலேயே சான்று இருக்கிறது. கடைசி 2 நிமிடத்தில், எறிபவரிடம் பந்தைக் கொடுக்கும் முன்பே நடுவர் எல்லைக்கோட்டை ஒட்டிக் கைச்சைகை காட்டுகிறார். அதுவே எச்சரிக்கை. அதன்பின் தற்காப்பு வீரர் கோட்டைத் தாண்டிக் கை நீட்டி எறிவதைத் தடுத்தால் நேரே டெக்னிக்கல். தவறு நடப்பதற்கு முன்பே எல்லோரும் பார்க்கச் சொல்லியாகிவிட்டது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதி இன்னொரு வழியைக் காட்டுகிறது: தாமத எச்சரிக்கையை ஸ்கோரர் ஏட்டில் பதிவு செய்கிறார், பயிற்சியாளருக்கும் தெரிவிக்கப்படுகிறது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் சித்தூர் வட்டாரத்தில், வேலூர் பக்கத்து அணியோடு ஆட்டம் என்றால் வாய்ச்சொல்லைவிடச் சைகையும் எழுத்தும் நம்பகமானவை. மூன்றாம் நடுவர் இல்லாமல் இருவரே ஓடும் போட்டிகளில் இதன் தேவை இன்னும் கூடும். இதற்குப் புது விதியோ பணமோ வேண்டாம். ஆட்டம் தொடங்குமுன் நடுவர்கள் இரு கேப்டன்களையும் பயிற்சியாளர்களையும் அழைத்து, பந்தைத் தட்டினால் அணிக்கு ஒரே எச்சரிக்கைதான் என்று சொல்லட்டும்; அது கொடுக்கப்பட்ட நிமிடத்தை ஸ்கோரர் மேசையில் ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். மாவட்டப் போட்டிகளை நடத்துபவர்கள் அடுத்த போட்டியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.