136க்கும் 142க்கும் நடுவே

முல்லைப் பெரியாறு அணை வழக்கில் 2014 மே 7 அன்று வந்த தீர்ப்பைக் கம்பம் பள்ளத்தாக்கு ஆறடித் தண்ணீர்க் கணக்காகவே நினைவில் வைத்திருக்கிறது. அதன் கனம் வேறிடத்தில் இருக்கிறது. நீதிமன்றம் விசாரித்து முடித்ததைச் சட்டமன்றம் மாற்றி எழுதலாமா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

2006 பிப்ரவரி 27இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. மூன்று வாரம் முடிவதற்குள் கேரளம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி, அணையை ஆபத்தான அணைகளின் பட்டியலில் சேர்த்து, 136 அடி என வரம்பு கட்டியது. அரசமைப்பின் 131ஆவது பிரிவின்கீழ் தமிழ்நாடு வழக்குப் போட்டது. ஆர்.எம்.லோதா தலைமையில் ஐந்து நீதிபதிகள், சான்றுகளை எடைபோட்டு நீதிமன்றம் கண்டறிந்த உண்மையைச் சட்டம் போட்டுப் புரட்ட முடியாது என்று சொல்லி, பெரியாறு அணையைப் பொறுத்தவரை அந்தத் திருத்தம் செல்லாது என்றார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு; லேசானதல்ல. ஓஹியோ ஆற்றின் குறுக்கே நின்ற வீலிங் பாலம் கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1852இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பாலம் முறையானதே என்று அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் செய்தது. பின்னாளில் அதே நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? அங்கே வழக்காடியவர்கள் பென்சில்வேனியா மாநிலமும் பாலத்தைக் கட்டிய கம்பெனியும். காங்கிரஸ் மூன்றாமவர், ஆற்றுப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் அதிகாரமும் அதற்கு இருந்தது. இங்கோ, வழக்கில் தோற்ற கட்சியே தன் சபையில் கைதூக்கித் தனக்கு வெற்றி தேடிக்கொண்டது. இதை அனுமதித்தால் எந்த மாநிலமும் எந்தத் தீர்ப்புக்கும் கட்டுப்படாது, நாளை தமிழ்நாடும்தான். இந்த அளவில் தீர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை, குடிமக்களின் உரிமை என்ற பக்கத்தில் இருக்கிறது. 131ஆவது பிரிவு அரசுகளுக்கான வாசல். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்காரர் சென்னை வழியாகத்தான் பேச முடியும். அணைக்குக் கீழே குடியிருப்பவர் திருவனந்தபுரம் வழியாக. இந்த அணைக்காக 1886இல் திருவிதாங்கூர் மன்னரும் ஆங்கில அரசும் 999 ஆண்டுக்கு எழுதிக்கொண்ட குத்தகையில் குடிகளுக்கு இடமில்லாதது வியப்பல்ல. தீர்ப்பின்படி 2014இல் அமைந்த மேற்பார்வைக் குழுவிலும் மத்திய நீர் ஆணையத்துக்கு ஒருவர், இரு மாநிலங்களுக்கும் ஒவ்வொருவர், அவ்வளவுதான்.

அணைத் தகராறு முற்றிய 2011 டிசம்பரில் கூடலூரிலும் கம்பத்திலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு குமுளி நோக்கி நடந்தபோது எல்லை அடைபட்டது. தினமும் ஜீப்பில் மலையேறிய ஏலத்தோட்டத் தொழிலாளிகளுக்குக் கூலி நின்றது. நாடெங்கும் தடையின்றி நடமாட 19ஆவது பிரிவு தரும் உரிமைதான் அங்கே முறிந்தது. அணை வழக்கின் கேள்விகளுக்குள் அது வராது.

அரசுகளுக்கு எல்லை வகுத்த தீர்ப்பு என்ற வகையில் இதை முழு மனதோடு ஏற்கலாம். குடிமக்களுக்கு அரண் என்று கொண்டாடுவது மிகை. வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழர்களின் அச்சம் கேரளத்தின் மனுவில் இருந்தது, மொழி தமிழ்நாட்டின் மேடைகளில் இருந்தது. அவர்களை முழுதாக எந்தத் தரப்பும் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகவில்லை.